நேர்கோடும் நெசவும்: நெய்த கூட்டுப்பொருள்களின் விசையியல் வரலாறு

ஒரு துண்டுத் துணியை இரு கைகளாலும் பற்றிப் பாவு நூல் ஓடும் திசையில் இழுத்தால், அது முதலிற் சிறிதளவு இசைந்து கொடுத்துப் பின்னர் விறைத்து நிற்கும். ஊடு நூல் ஓடும் திசையில் இழுப்பினும் ஏறத்தாழ அவ்வாறே நிகழும். ஆயின் அத்துணியையே மூலைவாட்டாகப் பற்றி இழுத்தால், நூல்களிடையேயுள்ள சதுரக் கண்கள் சாய்சதுரங்களாகச் சரிய, துணி எளிதில் நீண்டு கொடுக்கும். மேலும் இழுக்கவே, நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி, இனிச் சரிவதற்கு இடமில்லை என்னும் நிலையை அடைந்து, அப்போது அதுவும் விறைத்துவிடும். நூலும் ஒன்றே, நெசவும் ஒன்றே, இழுத்த திசை மாத்திரமே வேறு.

இச்சிறு செயலில் அடங்கியுள்ள வினா இன்று வெறும் துணியைப் பற்றியதன்று. காபன் இழையாலும் கண்ணாடியிழையாலும் நெய்த துணிகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தலாற் பெறப்படும் கூட்டுப்பொருள்கள், ஆகாயவிமான உறுப்புகளாகவும் படகுகளின் உடல்களாகவும் பயன்படுகின்றன. அத்தகைய பொருள் எப்பாரத்திற்கு எவ்வளவு இசையும், எந்நிலையிற் சிதையத் தொடங்கும் என்பதை, உறுப்பைச் செய்வதற்கு முன்னரே கணித்தறிதல் வேண்டும். அக்கணிப்புக்குக் கருவியாயுள்ள சமன்பாடுகளின் தொகுதியே மாதிரியுரு எனப்படும். அது வளர்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். வரைபிலே கோடு வளைகின்றது என்று காண்பது எளிது. அவ்வளைவு மீளக்கூடியதா, மீளாததா என அறிவதே அரிது. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியப் பயின்ற வரலாறே இத்துறையின் வரலாறு எனலாம்.

ஹூக்கின் நேர்கோடு

இங்கிலாந்து தேசத்து றொபேட் ஹூக் (1635–1703) என்னும் அறிஞர், தாம் கண்ட விதியொன்றை 1676ஆம் ஆண்டில் எழுத்துகளை இடம்மாற்றி அடுக்கிய புதிராக வெளியிட்டு, 1678ஆம் ஆண்டில் அப்புதிரைத் தாமே விடுவித்தார். மீள்தன்மையுள்ள பொருளொன்றின் நீட்சி, அதனை நீட்டும் விசைக்கு நேர்விகிதசமமாகும் என்பதே அவ்விதி. விற்சுருளிலும் கம்பியிலும் பாரங்களைத் தொங்கவிட்டு அவர் இதனை மெய்ப்பித்தார். அஃதோடமையாது, உலோகம், மரம், கல் ஆகியவற்றுக்கும், மயிர், பட்டு, எலும்பு, நரம்பு ஆகியவற்றுக்கும் இவ்விதி ஒருங்கே பொருந்தும் எனத் துணிந்து கூறினார். மயிரையும் பட்டையும் அவர் இரும்போடு ஒரே பட்டியலிற் சேர்த்தமை குறிக்கத்தக்கது. விதி விரைவில் இடறிய இடங்களுள் இழைப்பொருள்களும் ஒன்றாயின.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கணிதமேதையாகிய யாக்கோபு பேர்ணூயி, இசைக்கருவிக்குரிய குடல்நரம்பில் பாரங்களைத் தொங்கவிட்டு ஆராய்ந்தபோது, பாரம் சமமாக ஏற நீட்சி சமமாக ஏறவில்லை என்பதைக் கண்டார். விசையையும் நீட்சியையும் நேர்கோட்டாலன்றி வளைகோட்டாலேயே இணைத்தல் வேண்டும் என அவர் கருதினார். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈற்றன் ஹொட்ஜ்கின்சன் என்பார், வார்ப்பிரும்புகூடச் சிறு பாரங்களிலும் ஹூக்கின் நேர்கோட்டை முற்றாகப் பின்பற்றுவதில்லை எனப் பரிசோதனையாற் காட்டினார்.

இவ்வாறு மறுப்புகள் எழுந்தபோதிலும் நேர்கோடு தன் ஆட்சியை இழக்கவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. நேர்கோட்டு விதி உள்ளவிடத்து, இரு பாரங்களின் விளைவுகளைத் தனித்தனியே கண்டு கூட்டிக்கொள்ளலாம். தோமஸ் யங் 1807ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவுரைகளிலிருந்து பெயர்பெற்ற யங்கின் மட்டு என்னும் ஓரெண்ணாலேயே ஒரு பொருளின் விறைப்பைக் குறித்துவிடலாம். இரும்பையும் உருக்கையும் குறைந்த பாரங்களுக்குள் வைத்தாண்ட பாலங்கட்டுவோர்க்கு இது போதியதாயிற்று. வளைவைத் தவிர்த்து வாழ அவர்களால் இயன்றது. துணியை ஆளவேண்டி வந்தவர்க்கோ அவ்வழி அடைபட்டிருந்தது. துணியின் வளைவு தொடக்கத்திலேயே நிகழ்வது.

பாவும் ஊடும்

துணியைக் கணிதத்தின் கண்கொண்டு நோக்கிய முன்னோடிகளுள் உருசிய நாட்டுக் கணித அறிஞர் செபிசேவ் தலையாயவர். 1878ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரிற் கூடிய அறிவியலாளர் அவையிலே, ஆடைகளை வெட்டுதல் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். தையற்காரருக்குரிய பொருளைக் கணிதர் எடுத்தாளுதல் கேட்டாரை வியப்பில் ஆழ்த்தியிருத்தல் கூடும். நூல்கள் நீளா, அவை குறுக்கிடும் கோணம் மாத்திரமே மாறும் என அவர் கொண்டார். அக்கொள்கையினின்று, உருண்டை வடிவான பொருளொன்றைத் துணியாற் போர்த்துதற்கு எவ்வடிவில் துண்டுகளை வெட்டுதல் வேண்டும் என்பதைக் கணித்துக் காட்டினார். மூலைவாட்டாக இழுத்த துணி ஏன் இளகிக் கொடுக்கின்றது என்பதற்கு இதுவே விடை. அங்கே நூல் நீளவில்லை, கோணம் சரிகின்றது. இன்றும், நெய்த காபன் துணியை வளைந்த அச்சொன்றின்மேற் படியவைக்கும்போது அது எவ்வாறு சரியும் எனக் கணிக்கும் முறைகளுள் மிக எளியது செபிசேவின் வலைக் கொள்கையே.

செபிசேவ் கண்டது வடிவத்தை. விசையை அவர் கருதவில்லை. விசையைக் கருதவேண்டிய கட்டாயத்தை ஆகாயக் கப்பல்கள் உண்டாக்கின. வாயுவால் உப்பிய பெரும் பைகளின் உறை, நெடுக்கும் குறுக்கும் ஒரே வேளையில் இழுபடுவது. ஜேர்மனியில் ஹாஸ், டீற்சியஸ் என்னும் இருவர், முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், அத்தகைய உறைத்துணிகளை இரு திசைகளிலும் இழுத்து அளந்தனர். அவர்தம் ஆய்வைப் பின்னர் அமெரிக்காவின் தேசிய ஆகாயவியல் ஆலோசனைக் குழு ஆங்கிலத்திற் பெயர்த்துத் தனது 16ஆம் அறிக்கையாக வெளியிட்டது. ஒரு திசையில் ஏற்படும் நீட்சி, மற்றைத் திசையில் எவ்வளவு இழுவை உள்ளது என்பதைச் சார்ந்து மாறும் என்பது அவ்வாய்வினாற் புலனாயிற்று. ஆதலின், ஒரு திசையில் மட்டும் இழுத்துப் பெற்ற ஓரெண்ணைக் கொண்டு துணியின் தன்மையைக் குறித்துவிடல் இயலாதென்பது தெளிவாயிற்று.

துணியின் தன்மையைச் செவ்வனே அறியாமை உயிர்களோடு தொடர்புடையது என்பதை அக்காலத்தார் நன்குணர்ந்திருந்தனர். பிரித்தானியாவின் ஆர்-101 என்னும் ஆகாயக் கப்பல் 1930 ஒக்ரோபர் 5ஆம் நாள் பிரான்சு தேசத்தின் போவே நகருக்கு அருகில் வீழ்ந்து எரிய, 48 பேர் மாண்டனர். முன்பகுதி வாயுப்பைகளிலிருந்து வாயு இழக்கப்பட்டமையே வீழ்ச்சிக்குக் காரணம் எனவும், மேலுறைத் துணி கிழிந்தமை அவ்விழப்புக்கு ஏதுவாயிருத்தல் கூடும் எனவும் விசாரணை மன்றம் கருதியது.

நெய்துணியின் உள்ளமைப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, அதற்கு நிலையான அடித்தளமிட்டவர் எவ். ரீ. பியர்ஸ் என்பார். மன்செஸ்ரர் நகரை அடுத்துப் பருத்தித் தொழிலாளர்தம் ஆராய்ச்சிக்கென நிறுவப்பட்டிருந்த ஷேர்லி நிலையத்திற் பணியாற்றிய அவர், துணியமைப்பின் கேத்திரகணிதம் பற்றிய தமது பெருங்கட்டுரையை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூலின் குறுக்குவெட்டு வட்டம் என்றும், நூல் தடையின்றி வளையும் இயல்பினது என்றும் கொண்டு, நெசவில் அது செல்லும் பாதையை வட்டவிற்களாலும் நேர்கோட்டுத் துண்டுகளாலும் வரைந்தார். பாவும் ஊடும் மாறி மாறி மேலும் கீழுமாகச் செல்வதால், இரண்டும் நெளிந்தே கிடக்கின்றன. நெசவாளன் தறியில் ஏற்றும் பாவின் நீளம், இறக்கும் துணியின் நீளத்தைவிடக் கூடுதலாயிருத்தல் இந்நெளிவினாலேயாம். பியர்சின் சமன்பாடுகள், நூலின் பருமன், நூல்களின் இடைவெளி, நெளிவு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்தன.

இப்பிணைப்பினாற் பெற்ற விளக்கம் பெரிது. பாவைப் பற்றி இழுத்தால் அதன் நெளிவு நிமிர்கின்றது. அது நிமிருந்தோறும், தன்னைக் குறுக்கே தாண்டிச் செல்லும் ஊடினை மேலும் நெளியச் செய்கின்றது. ஒன்றன் நெளிவு மற்றதற்குச் செல்கின்றது. ஆதலின், நூல் சிறிதும் நீளாமலே துணி நீள்கின்றது. நெளிவு தீர்ந்தபின்னரே நூல் தான் நீளத் தொடங்க, துணி விறைக்கின்றது. வரைபிலே கோடு முதலிற் சாய்ந்து சென்று பின்னர் மேல்நோக்கி நிமிர்வது இதனாலேயாம். நூல்களிடை உராய்வு கொள்ளும் பங்கினை நீக்கிப் பார்த்தால், இவ்வளைவு மீளும் இயல்புடையது. விசையை எடுத்துவிடின் நெளிவு திரும்பவும் உண்டாகும். நூலுக்கு ஊறு ஒன்றும் நேர்வதில்லை. யப்பானின் கியோற்றோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவபாற்றாவும் அவர்தம் துணைவரும் 1973ஆம் ஆண்டில், எளிய நெசவுத் துணி இரு திசையிழுவை, ஒரு திசையிழுவை, கொய்வு ஆகிய மூன்று நிலைகளிலும் நடந்துகொள்ளும் முறையை இவ்வழியிலேயே நின்று வகுத்துரைத்தனர்.

பிசின் புகுந்தபின்

இதுவரை கூறியது பிசின் தோயாத துணியின் கதை. இழையையும் பிசினையும் ஒன்றுசேர்த்து உறுதியான பொருளைப் பெறும் முயற்சி வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. இங்கிலாந்தின் பாண்பரோவிலுள்ள அரசினர் விமான நிலையத்தில் ஏ. ஏ. கிரிபித் என்பவர் செய்து 1921இல் வெளியான ஆராய்ச்சி, கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்தால் அதன் வலிமை பன்மடங்காகும் என்பதைக் காட்டிற்று. பருத்த கண்ணாடியின் மென்மைக்கு அதன் நுண்ணிய வெடிப்புகளே காரணம் என அவர் விளக்கினார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய நோர்மன் டி புறூயின் என்பார், ஆளிச்செடி நாரைப் பினோலிக்குப் பிசினில் தோய்த்துச் செய்த பொருளொன்றை 1930களின் பிற்பகுதியில் உருவாக்கினார். அலுமினியத் தட்டுப்பாடு நேருமோ என அஞ்சிய போர்க்காலத்தில், ஸ்பிற்பயர் என்னும் போர்விமானத்தின் உடற்பகுதியொன்று பரிசோதனையாக அப்பொருளாற் செய்யப்பட்டது. அமெரிக்காவிற் கண்ணாடியிழை பெருந்தொழிலாகி, 1938ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிக் கம்பனியும் அமைந்தது. கண்ணாடித் துணியைப் பொலியெசுத்தர்ப் பிசினில் தோய்த்து இறுக்கிய உடற்பகுதியைக் கொண்ட பயிற்சிவிமானம் ஒன்று 1944இல் அந்நாட்டிற் பறக்கவிடப்பட்டது.

துணிக்குள் பிசின் புகுந்ததும் முன்னைய வளைவு மறைந்து வேறொரு வளைவு தோன்றுகின்றது. இறுகிய பிசின் நூல்களை அவை கிடந்த கிடையிலேயே பிடித்துக்கொள்வதால், நெளிவு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாராளமாகச் செல்லல் இயலாது. பாவின் திசையில் இழுக்கும்போது, வரைபு பெரும்பாலும் நேர்கோட்டை ஒட்டியே செல்லும்; நெளிந்த இழை நேரிய இழையைவிடச் சற்றுக் குறைந்த விறைப்பையே தரும் என்பது மாத்திரமே இழப்பு. மூலைவாட்டாக வெட்டிய துண்டை இழுத்தாலோ, பாரம் நேராக இழைகளின் மேற் செல்லாது, இடையேயுள்ள பிசினின்மேற் கொய்வாகச் செல்கின்றது. பிசின் இளகத் தொடங்க, வரைபு மேல்நோக்கி நிமிர்வதற்கு மாறாகக் கீழ்நோக்கிச் சாய்கின்றது.

இச்சாய்விற் பல காரணங்கள் ஒருங்கே கலந்துள்ளன. பிசின் மீளாத வகையில் வழிந்து கொடுத்தல் ஒன்று. இழையும் பிசினும் பிணைந்த இடங்களில் நுண்வெடிப்புகள் தோன்றுதல் மற்றொன்று. செபிசேவ் கண்டவாறே இழைகள் இழுவைத் திசையை நோக்கித் திரும்புதல் மூன்றாவது. முன்னைய இரண்டும் பொருளை இளகச் செய்வன. மூன்றாவது அதனை மீண்டும் விறைக்கச் செய்வது. வரைபிலே இம்மூன்றும் ஒரே கோடாகவே தோன்றும். அக்கோட்டை மாத்திரம் கண்ணுற்றவன், எக்காரணம் எவ்வளவு பங்கு கொண்டது எனக் கூறவல்லனல்லன்.

வளைவின் இருபொருள்

காரணம் கூறமாட்டாதவிடத்து, கோட்டைப் பொருத்திக்கொள்ளுதலே அறிஞர் கையாண்ட முதல் வழி. விமானங்களுக்குரிய உலோகத் தகடுகளின் வளைந்த வரைபை மூன்று எண்களாற் குறிக்கும் சூத்திரமொன்றை றம்பேக், ஒஸ்கூட் என்னும் இருவர் 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டனர். கூட்டுப்பொருள்களுக்கு இவ்வழியிற் பெரும்புகழ் பெற்றது, ஹான், சாய் என்னும் இருவர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையாகும். ஒரு திசையிழைப் படையிலே கொய்வு விகாரம், கொய்வுத் தகைப்புக்கு நேர்விகிதமான ஓருறுப்பையும், அத்தகைப்பின் மூன்றாம் அடுக்குக்கு விகிதமான மற்றோருறுப்பையும் கூட்டியதற்குச் சமம் என அவர்கள் கொண்டனர். ஹூக்கின் நேர்கோட்டோடு கூடுதலாக ஓரெண் சேர்த்தமையாலேயே வளைவு முழுவதும் அகப்பட்டது. மூலைவாட்டாக அடுக்கிய துண்டை இழுத்தே கொய்வுப் பண்பை அறியும் எளிய முறையை றோசன் 1972இல் விளக்கியிருந்தமையால், அவ்வெண்ணைப் பரிசோதனையாற் பெறுதலும் எளிதாயிற்று.

இக்கொள்கையின் அழகும் குறையும் ஒருங்கே நோக்கத்தக்கன. சத்தியைக் காக்கும் மீள்தன்மையுள்ள பொருளெனக் கொண்டே இச்சமன்பாடு பெறப்பட்டது. அதாவது, ஏறிய வழியே கோடு இறங்கும் என்பது அதனுட் கிடக்கும் எண்ணம். மூங்கிற் கழியொன்றை வளைத்து விட்டால் அது நிமிர்ந்து பழைய நிலையை அடையும். ஈயக் கம்பியை வளைத்து விட்டால் அது வளைந்தபடியே கிடக்கும். வளைக்கும்போது இரண்டுமே இசைந்து கொடுத்தவைதாம். கையை எடுத்தபின்னரே அவற்றின் உண்மை வெளியாகின்றது. கூட்டுப்பொருளும் அத்தகையதே. பாரத்தை ஏற்றிக்கொண்டே செல்லும் பரிசோதனையில், மீளும் வளைவும் மீளா வளைவும் ஒரே கோட்டையே வரையலாம். பாரம் ஒருமுறை ஏறுவதோடு நின்றுவிடும் பொருளுக்கு அதனால் இழுக்கில்லை. ஆயின், ஒவ்வொரு பறப்பிலும் ஏறியிறங்கும் பாரத்தைப் பல்லாண்டு தாங்கவேண்டிய விமானவுறுப்புக்கு, முதற்பாரம் விட்டுச்சென்ற ஊறே பின்னைய வாழ்வைத் தீர்மானிக்கின்றது.

நெய்த பொருளுக்கே உரிய ஆராய்ச்சியை யப்பானிய அறிஞர் இஷிகாவாவும் அமெரிக்காவின் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்துச் சூவும் 1982, 1983ஆம் ஆண்டுகளில் நிகழ்த்தினர். அவர்கள் மூன்று மாதிரியுருக்களை அமைத்தனர். முதலாவது, நெளிவை முற்றாக விடுத்து, பாவு மேலான இடத்தையும் ஊடு மேலான இடத்தையும் பதிகற்களைப்போல் அடுத்தடுத்து வைத்தது. இரண்டாவது, இழையின் நெளிவைக் கணக்கிற் சேர்த்தது. மூன்றாவது, குறுக்கீடுகள் விலகி அமையும் சற்றின் நெசவில், நெளிந்த இடத்தைச் சுற்றியுள்ள நேரிய இழைகள் பாரத்தைப் பாலம்போல் ஏந்திச் செல்வதைக் காட்டியது. பாவின் திசையில் இழுக்கும்போது, குறுக்கே கிடக்கும் ஊடு நூல்களிற் சிறு விகாரத்திலேயே வெடிப்புத் தோன்ற, வரைபின் படித்திறன் அவ்விடத்திற் சட்டெனக் குறையும். முழங்கால் மடிவதுபோன்ற அத்திருப்பத்தின் காரணத்தை அவர்கள் நெசவின் அமைப்பைக் கொண்டே விளக்கினர். வளைவைப் பொருத்துதல் என்னும் நிலையிலிருந்து, வளைவுக்குக் காரணம் காட்டுதல் என்னும் நிலைக்கு ஆராய்ச்சி இவ்வாறு உயர்ந்தது.

மீளும் வளைவையும் மீளா வளைவையும் பிரித்தற்கு வேண்டிய கருத்தோ வேறோரிடத்திற் பிறந்திருந்தது. வெப்பமேறிய உலோகங்கள் நாளடைவிற் சிதைவதை ஆராய்ந்த சோவியத்து அறிஞர் கச்சனோவ், 1958ஆம் ஆண்டில், பொருளின் உள்ளே ஏற்படும் சிதைவை ஓரளவால் குறித்து, அதனைச் சமன்பாட்டிற் சேர்த்தார். பிரான்சில் லடவேசும் லெ தாந்தெக்கும் 1992ஆம் ஆண்டில் அக்கருத்தைக் கூட்டுப்பொருட் படைகளுக்கு விரித்தனர். அவர்தம் முறையின் உயிர்நிலை, பாரத்தை ஏற்றி, இறக்கி, மேலும் ஏற்றி, மறுபடி இறக்கும் பரிசோதனையாகும். இறக்கியபோது கோட்டின் படித்திறன் முன்னையிலும் குறைந்திருப்பின், அக்குறைவு வெடிப்புகளின் அளவைத் தரும். பாரம் முற்றும் நீங்கியபின்னும் எஞ்சிநிற்கும் விகாரம், பிசின் வழிந்து கொடுத்தமையின் அளவைத் தரும். ஏற்றத்தில் ஒன்றாய்க் கலந்து கிடந்த காரணங்கள் இறக்கத்தில் இரண்டாய்ப் பிரிந்தன. 2001ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஹொஷார் முதலியோர் இம்முறையை நெய்த காபன் துணிப்படைகளுக்கும் பொருத்தி, பாவுத் திசை, ஊடுத் திசை, கொய்வு ஆகியவற்றின் சிதைவை வெவ்வேறாகக் கணித்தனர்.

கணினி வந்த காலம்

கணினியின் ஆற்றல் பெருகியதும், நெசவின் மிகச்சிறிய மீள்வரும் கட்டமொன்றை அப்படியே கணிப்புக்கு உட்படுத்தல் இயல்வதாயிற்று. பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தினின்று வைஸ்ரெக்ஸ் என்னும் நிரலும், இங்கிலாந்தின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்தினின்று ரெக்ஸ்ஜென் என்னும் நிரலும் தோன்றி, நெசவின் வடிவை முப்பரிமாணத்தில் வரைந்து தருகின்றன. பியர்ஸ் வட்டவிற்களால் வரைந்த நூற்பாதையை, இன்று எக்ஸ்-கதிர் கொண்டு பொருளின் உட்புறத்தைப் படமெடுத்து, உள்ளபடியே கணினியில் ஏற்றவும் முடிகின்றது.

கருவி பெருகியதனால் ஐயம் நீங்கிவிடவில்லை. பிரித்தானிய ஆய்வாளராகிய ஹின்ரன், கடூர், சொடன் ஆகியோர், 1990களில் தொடங்கி 2004 வரை, கூட்டுப்பொருள்களின் முறிவுக் கொள்கைகளை ஒப்புநோக்கும் பெருமுயற்சியொன்றை நடத்தினர். கொள்கை வகுத்தவர்களுக்குப் பொருளின் பண்புகள் மாத்திரம் முதலில் வழங்கப்பட்டன. அவர்கள் தத்தம் கணிப்பை எழுதிக் கொடுத்த பின்னரே பரிசோதனை முடிபுகள் காட்டப்பட்டன. ஒரு திசையிழைப் படைகளைப் பற்றியதேயாயினும், அம்முயற்சி தந்த பாடம் யாவர்க்கும் பொதுவானது. புகழ்பெற்ற கொள்கைகள் தம்முள்ளும் பரிசோதனையோடும் பெரிதும் முரண்பட்டன. நெய்துணிகளைப் பொறுத்தவரை, பல நாட்டு ஆய்வுகூடங்கள் ஒரே துணிகளைப் பெற்றுக் கொய்வுப் பரிசோதனை செய்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபுகளும் இடத்துக்கிடம் வேறுபட்டன. துணியைச் சட்டத்திற் பற்றும் முறையும், நூல்கள் சட்டத்தோடு சிறிது கோணியிருத்தலும் அளவை மாற்றிவிடும் என்பது அதனால் உறுதியாயிற்று. கோடு பொருந்தவில்லையாயின் குறை மாதிரியுருவில் மட்டுமன்றி, அளந்த கையிலும் இருத்தல் கூடும்.

விமானப் பொறிகளின் வரலாறு இப்படிப்பினையை வேறொரு வகையிற் காட்டுகின்றது. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் தனது ஆர்பி-211 என்னும் பொறியின் முன்விசிறிக்குக் காபன் இழைப்பொருளாலான அலகுகளை அமைக்க முயன்றது. நிலையான பாரங்களைத் தாங்கவல்ல அவ்வலகுகள், பறவை மோதும் பரிசோதனையில் நிலைக்கவில்லை. அவற்றின் இடத்தைத் தைத்தானியம் பிடித்தது. அப்பொறியின் ஆக்கச்செலவு மட்டுமீறிப் பெருக, 1971 பெப்ரவரியில் அந்நிறுவனம் முறிவுற்று அரசின் கைக்குச் சென்றது. அலகுகள் தவறியமை அவ்வீழ்ச்சிக்கு ஒரே காரணமன்று. ஆயினும், ஒருவகைப் பாரத்திலிருந்து பெற்ற நம்பிக்கையை வேறுவகைப் பாரத்திற்கு மாற்றிக் கொள்ளலாகாது என்பதற்கு அது சான்றாகும்.

2016ஆம் ஆண்டிற் பயணிகள் சேவைக்கு வந்த லீப் என்னும் பொறியின் முன்விசிறி அலகுகள் காபன் நூலால் முப்பரிமாணத்தில் நெய்யப்படுகின்றன. நெய்த உருவை அச்சிலிட்டு, அதனுட் பிசினைச் செலுத்தி இறுக்குகின்றனர். படைமேற்படையாக ஒட்டிய பொருளில் மோதலினாற் படைகள் பிரிந்துவிடும் குறையை, படைகளை ஊடுருவிச் செல்லும் நூல்கள் தடுக்கின்றன. அரைநூற்றாண்டு இடைவெளியிற் பொருளின் விறைப்பு மாத்திரம் உயர்ந்ததாற் கிட்டிய வெற்றியன்று இது. சிதைவு எங்கே தொடங்கி எவ்வழியே பரவும் என்பதை அறிந்து, அதனைத் தடுக்கும் இடத்திலேயே நூலைச் செலுத்தியதாற் கிட்டியது. எனினும் அவ்வலகுகளையும், கணினியின் சொல்லை மாத்திரம் நம்பி எவரும் வானிற் பறக்கவிடவில்லை. சிறு துண்டு, உறுப்பு, முழுப்பொறி எனப் படிப்படியாகப் பரிசோதித்தபின்னரே அனுமதி பெற்றனர்.

மாணவர் கொள்ளத்தக்கது

ஹூக்கின் நேர்கோட்டினின்று முப்பரிமாண நெசவு வரை வந்த இவ்வரலாறு, நேர்கோட்டைப் பழிப்பதற்குரியதன்று. அது இல்லையேல் வளைவை வளைவெனக் கண்டுகொள்ளும் அளவுகோலே இல்லாதொழியும். வரலாறு எச்சரிப்பது வேறொன்றையே. எண்களைப் போதியளவு சேர்த்துக்கொண்டால் எவ்வளைகோட்டையும் பொருத்திவிடலாம். அவ்வாறு பொருத்தியமையைக் காரணம் கண்டமையாக எண்ணி மயங்குதல் எளிது. எப்பரிசோதனையிலிருந்து எண்களைப் பெற்றோமோ அதனையே மீண்டும் காட்டிப் பொருந்துகின்றது என்பதில் வியப்பொன்றுமில்லை. அதில் அடங்காத வேறொரு பரிசோதனைக்கும் மாதிரியுரு முன்கூட்டியே விடை கூறுமாயின், அப்போதே அது தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.

பள்ளி ஆய்வுகூடத்திலே விற்சுருளிற் பாரங்களை ஏற்றி ஹூக்கின் விதியை மெய்ப்பிக்கும் மாணவன், வரைபின் இறுதிப் புள்ளிகள் ஒன்றிரண்டு நேர்கோட்டை விட்டு விலகக் கண்டு, அவற்றைத் தன் பிழையென எண்ணி அழித்துவிடுதல் உண்டு. அவ்வாறு அழித்தல் தகாது. அப்புள்ளிகளை இருந்தவாறே குறித்துவிட்டு, பாரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, இறங்கும் வழியையும் அதே தாளில் வரைதல் வேண்டும். இரு கோடுகளும் ஒன்றின்மேலொன்று படிகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதே கேட்கத்தக்க வினா. துணியும் பிசினும் கொண்டு ஆகாயத்தில் உயிர்களை ஏந்திச் செல்வோர், அவ்வினாவையே நாடோறும் கேட்டு வருகின்றனர்.